பின்னால் மட்டும் எண்ணினால் போதும்

ஏப்ரல் 6

மச்சானுக்கு,

நலம் விசாரித்து எழுதும் நிலையில் நான் இல்லை. நீயும் பத்து மாதமாக எங்களை விசாரிக்கவில்லை. உன் அக்கா மட்டும் "வேலை ஜாஸ்தியா இருக்கும், பாவம்" என்று உனக்காகப் பரிந்து பேசிக்கொண்டிருக்கிறாள்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். என் அப்பாவின் இடுப்பில் போன வருஷம் வைத்த தகடு நழுவிவிட்டது. மறுபடி திறந்து மூட்டையே மாற்ற வேண்டும் என்கிறார் டாக்டர். ஜூன் இருபத்திரண்டு அன்று கொண்டுவந்து சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அதைத் தவறவிட்டால் அடுத்த முறை எப்போது கிடைக்கும் என்று அவர்களுக்கே தெரியாதாம். ஜூன் என்றால் மழை. எங்கள் களிமண் சரிவு உனக்குத் தெரியும். ஆம்புலன்ஸ் கீழே தார் ரோட்டிலேயே நின்றுவிடும். போன தடவை நாலு பேர் கட்டிலோடு தூக்கி இறக்கினார்கள். நடுவில் ஒருவன் வழுக்கி, அப்பா பாதி வழி தலைகீழாகப் போனார். "இனிமே என்னைத் தூக்கறதா இருந்தா ஒரேயடியா தூக்குங்கடா" என்று சொல்லிவிட்டார். வாடகை வண்டிக்காரர்கள் சரிவைப் பார்த்ததுமே கும்பிடு போடுகிறார்கள்.

ஆகவே கொட்டகையில் தூங்கும் நம் பிக்கப் வண்டியைத்தான் எழுப்ப வேண்டும். உடைந்தது எதுவென்று உனக்கே தெரியும். எஞ்சின் இழுப்பை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற அந்த டிரான்ஸ்ஃபர் கேஸ். அப்பா அதற்குப் பாகப்பிரிவினைப் பெட்டி என்று பேர் வைத்திருக்கிறார். அதே மாடலுக்கு உரியது எங்கும் கிடைக்கவில்லை. வேறு மாடலுடையதை ஒட்டவைக்க முடியும் என்கிறார் டவுன் லேத்துக்காரர். நீ வேலை பார்க்கிற சுரங்கத்தில் கழித்துப்போட்ட வண்டிகள் மலையாகக் கிடக்கும் என்று உன் அக்கா சொன்னாள். ஒன்று கிடைத்தால் அனுப்பு. மாட்டுவது நான்தான். மெக்கானிக் மேலே வர மாட்டேன் என்கிறான், வண்டி கீழே போகாது. ஸ்பேனருக்கும் எனக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது, ஆனால் வேறு வழியில்லை.

பெட்டி வந்தாலும் ஓட்டப்போவது யார் என்பது அடுத்த தலைவலி. மழையில் அந்தச் சரிவில் வண்டி இறக்கத் தெரிந்தவள் இந்த வீட்டில் ஒருத்திதான். அவள் சாவியைத் தொட்டுப் பத்து மாதம் ஆகிறது. கான்கிரீட் தரையிலேயே நாலு சக்கர ஸ்விட்சைப் போட்டதால்தான் பெட்டி வெடித்து, வண்டி பின்னால் சரிந்து, அப்பா இடுப்பு போனது என்று நீதானே ஃபோனில் காரணம் சொன்னாய். அன்றிலிருந்து தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்து இறங்கிப் பஸ் பிடிக்கிறாள். முன்பு ஒரு நாளில் பன்னிரண்டு பண்ணைக்குப் போய் மாடுகளுக்கு ஊசி போடுவாள். இப்போது மூன்று பண்ணை முடித்தால் அதிகம். மேலதிகாரி இரண்டு முறை எச்சரித்துவிட்டார்.

பதில் எழுது. இதற்காவது எழுது.

அத்தான்

*

ஏப்ரல் 17

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்கப் பயந்து அரை நாள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். மாமாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தேன். எழுதாதது என் தப்புதான். இங்கே ஃபோனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், தகரப் பெட்டி மாதிரி ஓர் அறையில் எட்டுப் பேர் படுக்கிறோம், தபால் லாரி வாரத்துக்கு ஒரு தடவைதான் என்றெல்லாம் சொல்லலாம். சொன்னால் நீங்கள் நம்பவா போகிறீர்கள்.

பெட்டி கிடைத்துவிட்டது. டம்பர் லாரி ஒன்று ரிவர்ஸில் வந்து மிதித்துப் போட்ட வண்டியுடையது. தலை நசுங்கினாலும் வயிறு பத்திரம். பிரித்து, கழுவி, செயினும் பேரிங்கும் பார்த்து மூடிவிட்டேன். மரச் சட்டத்தில் கட்டி லாரியில் ஏற்றியாயிற்று. ஆனால் இது வேறு ஜாதிப் பெட்டி. நம்முடையது ஸ்விட்சில் வேலை செய்தது, இது லிவர். சீட்டுக்குப் பக்கத்தில் தரைத் தகட்டை வெட்டி லிவரை மேலே எடுக்க வேண்டும். போல்ட் துளைகள் நேர்படாது, அதற்கு ஓர் இடைத்தட்டு வெட்டி வைத்திருக்கிறேன். இந்தப் பெட்டி நாலு விரல் நீளம் அதிகம். அதனால் பெட்டியிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்டை நாலு விரல் குறைக்க வேண்டும், முன்னால் போவதை அதே அளவு கூட்ட வேண்டும். அதை லேத்துக்காரர் பார்த்துக்கொள்வார். அட்டையில் படம் போட்டு உள்ளே வைத்திருக்கிறேன். என் படத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

கழற்றும்போது கையைப் பெட்டிக்கு அடியில் வைக்காதீர்கள் அத்தான். நாற்பது கிலோ. விரல் போனால் மருந்துக் கடையில் மாத்திரை எப்படி எண்ணுவீர்கள்.

ஒரே ஒரு விஷயம். மாட்டி முடித்தாலும் நாலு சக்கர லிவரை இழுக்க வேண்டாம். இரண்டு சக்கரத்தில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். ஜூன் முதல் வாரம் எனக்கு லீவு. நான் வந்து ஒரு பார்வை பார்த்த பிறகு இழுக்கலாம். மறக்காதீர்கள்.

அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

சின்னவன்

*

மே 2

மச்சானுக்கு,

பெட்டி வந்தது. ஒன்பது நாளாகக் கடை முடிந்து வந்ததும் வண்டிக்கு அடியில் படுக்கிறேன். முதுகில் இருக்கிற ஒவ்வொரு எலும்புக்கும் இப்போது தனித்தனியாக அறிமுகம் ஆகிவிட்டது.

பழையதைக் கழற்றவே நான்கு நாள். இரண்டு போல்ட் துருப்பிடித்து நகர மறுத்தன. ஆறு மூலைத் தலையை நான் வட்டமாக்கினேன், வட்டத்தை அரத்தால் ராவிச் சதுரமாக்கினேன், கடைசியில் லேத்துக்காரர் மனம் இரங்கி ஏறிவந்து அறுத்துக் கொடுத்தார். பெட்டியைத் தூக்கி வைக்க ஜாக்கி எட்டவில்லை. அப்பாவைக் கட்டிலிலிருந்து தூக்குகிற கான்வாஸ் பட்டை இருக்கிறதே, அதைச் சேஸிஸில் கட்டித்தான் ஏற்றினேன். அதற்குள் அப்பா ஜன்னல் வழியாக "எங்கடா என் பட்டை?" என்று சத்தம். ஆயுள் முழுக்க ரோடு ரோலர் ஓட்டினவர். மணிக்கு ஐந்து கிலோமீட்டர் தாண்டாத அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு எனக்குப் படுத்தபடியே யோசனை சொல்கிறார்.

உன் இடைத்தட்டு கனகச்சிதமாக உட்கார்ந்தது. வேலைக்காரன்தான் நீ, அதை மறுக்க மாட்டேன். ஷாஃப்ட் இரண்டும் லேத்தில் இருக்கின்றன. தரைத் தகட்டை வெட்டினேன். துளை கொஞ்சம் பெரிதாகிவிட்டது. வண்டிக்குள் உட்கார்ந்தால் பூமி தெரிகிறது.

நேற்று லிவர் சரியாக எட்டுகிறதா என்று பார்க்க உன் அக்காவை ஓட்டுநர் சீட்டில் உட்காரச் சொன்னேன். கொட்டகை வாசல் வரை டீயோடு வந்தவள் அங்கேயே நின்றாள். "நீங்களே உக்காந்து பாருங்க. என் கைராசிதான் உங்களுக்குத் தெரியுமே" என்றாள். டம்ளரை அரிசி மூட்டை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அது நான் சொன்ன வார்த்தைக்குப் பதில். உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில், நர்ஸ் நிற்கும்போதே, "உன் கையில வண்டியக் குடுத்ததே என் தப்பு" என்று சொல்லிவிட்டேன். அவள், "ஆமா, கான்கிரீட்டுலயே போட்டுட்டேன்" என்று மட்டும் சொன்னாள். கொட்டின சொல்லை அள்ள முடியாது என்பார்கள். அள்ளலாம் என்று பல நாள் வாயைத் திறந்து, டீ கேட்டுவிட்டு மூடியிருக்கிறேன்.

வேகம் காட்டுகிற மீட்டரின் ஒயரை எங்கே சொருகுவது? உன் படத்தில் அந்த இடத்தில் எண்ணெய்க் கறை.

அத்தான்

*

மே 11

அத்தான்,

லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பெரிய மெஷின் ஒன்று பழுதாகி உட்கார்ந்துவிட்டது, ஆகஸ்ட் வரை யாரும் நகரக் கூடாதாம். மேனேஜரிடம் இரண்டு தடவை போய்க் கெஞ்சினேன். மூன்றாவது தடவை கதவையே திறக்கவில்லை.

அதனால் ஒரு யோசனை. ஜூனில் இறங்கும்போது நாலு சக்கரமே போட வேண்டாம். பின் டயர் இரண்டுக்கும் இரும்புச் சங்கிலி கட்டி, வண்டி பின்னால் நாலு மூட்டை மணல் ஏற்றி, மெதுவாக இரண்டு சக்கரத்திலேயே இறக்கிவிடலாம். அக்காவுக்கு அது முடியும். புதுப் பெட்டியை எதற்குச் சிரமப்படுத்த வேண்டும்.

மீட்டர் ஒயர் பெட்டியின் பின்பக்கம், கட்டைவிரல் பருமனில் ஒரு மூக்கு இருக்கும், அதில்தான். ஆனால் மீட்டர் சரியான வேகம் காட்ட வேண்டுமானால் உள்ளே போகிற சின்னப் பல்சக்கரத்தை மாற்ற வேண்டும். எந்த அளவு என்று கண்டுபிடிக்க ஒரு கணக்கு வேண்டும். பின் சக்கரம் ஒன்றைத் தரையிலேயே விட்டு, மற்றதை ஜாக்கியில் தூக்கி, முழுதாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். அதற்குள் ஷாஃப்ட் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று சாக்பீஸால் குறி போட்டு எண்ணி எழுதுங்கள். பின்னால் மட்டும் எண்ணினால் போதும். முன்னால் எண்ண வேண்டாம், அது வீண் வேலை, உங்களுக்கும் முதுகு வலி.

சின்னவன்

*

மே 17

மச்சான்,

இருபத்திரண்டு வருஷமாக மாத்திரை எண்ணுகிறேன். அட்டையின் ஒரு பக்கத்தை மட்டும் எண்ணிவிட்டு எழுந்திருக்க என் கைக்குப் பழக்கமில்லை. எண்ண வேண்டாம் என்று எழுதியிருந்தாயே, அதனாலேயே எண்ணினேனோ என்னவோ.

பின் சக்கரம் இரண்டு சுற்று. ஷாஃப்ட் மூன்றே முக்கால், அதற்குக் கொஞ்சம் குறைவு. முன் சக்கரம் இரண்டு சுற்று. ஷாஃப்ட் நாலு சுற்று, அதற்கு மேலும் ஒரு துண்டு. நான் தப்பாக எண்ணினேன் என்று நினைத்து மூன்று தடவை எண்ணினேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை, லேத்துக்காரரை வரச்சொல்லி அவரையும் எண்ணவைத்தேன். அவர் கைத்துணியால் விரலைத் துடைத்துக்கொண்டே என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"பின்னாடி அச்சுக்குள்ள இருக்கற கிரவுன் பல்சக்கரத்த யாரோ மாத்தியிருக்காங்க சார். முன்னாடி ஒரு பல்லு கணக்கு, பின்னாடி வேற பல்லு கணக்கு. ரெண்டு சக்கரத்துல ஓட்டினா ஒண்ணும் தெரியாது. நாலு போட்டீங்கன்னா முன்னாடி ஒரு வேகத்துல இழுக்கும், பின்னாடி ஒரு வேகத்துல தள்ளும். நடுவுல மாட்டின பெட்டி என்ன செய்யும்? உடையும். கான்கிரீட்டுல போட்டா என்ன, சேத்துல போட்டா என்ன, எப்படியும் ஒரு நாள் உடைஞ்சிருக்கும்."

அவர் போன பிறகு கொட்டகையிலேயே உட்கார்ந்திருந்தேன். அந்த வண்டியின் வயிற்றைத் தொட்டவன் நீ ஒருவன்தான். வேறு எவனையும் உன் அக்கா தொடவிட்டதில்லை. "என் தம்பி கை பட்டாத்தான் அது ஓடும்" என்று ஆபீஸ் முழுக்கப் பெருமை பேசினவள்.

லிவரை இழுக்காதே என்றாய். சங்கிலி கட்டு, மணல் மூட்டை ஏற்று என்றாய். முன்னால் எண்ணாதே என்றாய். எல்லாம் தெரிந்துதான் சொல்லியிருக்கிறாய்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், என் வீட்டிலேயே பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. இந்த நேரத்தில் கூச்சல் போட எனக்குத் தெம்பு இல்லை. இரண்டு மணிக்கு ஒரு தரம் அப்பாவைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், காலையில் கடை திறக்க வேண்டும். என்ன நடந்தது என்று எழுது. மென்று விழுங்காமல் எழுது.

*

மே 26

அத்தான்,

எழுதுகிறேன்.

விபத்துக்கு நாலு மாதம் முன்னால், நான் வீட்டில் இருந்தபோது, வண்டிக்கு சர்வீஸ் செய்தேன் அல்லவா. பின் அச்சின் நடுவே அந்தப் பல்சக்கரங்கள் இருக்கிற டிஃபரன்ஷியலில் பழைய எண்ணெயை வடித்தேன். புதுசு ஊற்ற மறந்துவிட்டேன். வேலை தெரிந்த எவனும் செய்யாத தப்பு. அக்கா பயிற்சிக்காக ஒரு வாரம் வெளியூர் போயிருந்தாள். நான் டவுனுக்கு ஓட்டிக்கொண்டு போனேன், பாதி வழியில் பின்னால் ஊளையிட ஆரம்பித்தது. திறந்து பார்த்தால் பல் எல்லாம் நீலம் பாய்ந்து, கருகி, சிதைந்து கிடக்கிறது. அவள் வர மூன்று நாள்தான் இருந்தது. பழைய சாமான் கடையில் அதே கம்பெனியுடையது ஒன்று கிடைத்தது. உட்கார்ந்தது. எத்தனை பல் என்று எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. ஓட்டிய பிறகு, மீட்டர் காட்டுகிற வேகத்துக்கும் உண்மையான வேகத்துக்கும் வித்தியாசம் தெரிந்தபோதுதான் வேறு கணக்கு என்று புரிந்தது. மழை வர நாலு மாதம் இருக்கிறது, அதற்குள் சரியானது தேடி மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். அப்புறம் இந்த வேலை வந்தது. கிளம்பும்போது அக்காவிடம், "மழைக்கு முன்னாடி ஃபோர் வீல் போடாதக்கா, ஒரு வேலை பாக்கி இருக்கு" என்று சொல்ல வாயெடுத்தேன். எல்லாருக்கும் முன்னால் என் தோளைத் தட்டி, "இவன் இருக்கறதால எனக்கு வண்டியப் பத்திக் கவலையே இல்ல" என்றாள். சொல்லவில்லை.

நீங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து இங்கே ஆபீஸ் ஃபோனுக்குக் கூப்பிட்டபோது "எப்படி உடைஞ்சிருக்கும்?" என்று கேட்டீர்கள். எங்கே போட்டாள் என்று கேட்டேன். கான்கிரீட்டில் என்றீர்கள். கெட்டித் தரையில் போட்டால் பெட்டி உடையும் என்று எல்லா மெக்கானிக்கும் சொல்வான். என் வாயிலிருந்து அது தானாக வந்துவிட்டது. பொய் சொல்லவில்லை என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். நீங்கள் அதை அவளிடம் அப்படியே சொல்வீர்கள் என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டேன்.

முன்பக்கத்துக்கு இணையான பின் டிஃபரன்ஷியல் ஒன்றை முழுதாகக் கட்டி, அளவு வைத்து, அடுத்த லாரியில் அனுப்புகிறேன். பல்லை நானும் எண்ணினேன், கூட வேலை செய்கிறவனையும் எண்ணச் சொன்னேன். பழையதைக் கழற்றி இதை அப்படியே வைத்துப் பத்து நட்டு முறுக்கினால் போதும். எண்ணெய் ஊற்ற மறக்காதீர்கள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒரு கெஞ்சல். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அக்காவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். ஒரு நாள் கூடத் தள்ளிப்போட வேண்டாம். எனக்கு அவளுக்கு எழுத வரவில்லை. நான்கு தடவை "அன்புள்ள அக்காவுக்கு" என்று எழுதி நிறுத்திவிட்டேன்.

சின்னவன்

*

ஜூன் 2

மச்சான்,

சொல்ல மாட்டேன்.

நீ உடைத்ததை நான் சுமந்துகொண்டு போய் அவள் முன்னால் வைக்க, நீ எட்டுப் பேர் அறையில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுப்பாய், அப்படித்தானே. உன் கையெழுத்தில் வர வேண்டும். அவள் உன்னை வளர்த்தவள். உனக்காக இன்னமும் பரிந்து பேசுகிறவள். அவளுக்கு நீதான் எழுத வேண்டும், அதுதான் முறை. நான் சொன்னால் நான் அவளைத் தேற்றுவதற்காகக் கட்டின கதை என்றுகூட நினைப்பாள்.

மழை பிடித்துவிட்டது. நேற்று அவள் வீடு வந்து சேர்ந்தபோது முழங்கால் வரை சேறு. தடுப்பூசிப் பெட்டியை மட்டும் நனையாமல் கொண்டுவந்திருந்தாள். வாசலில் உட்கார்ந்து கால் கழுவவே அரை மணி நேரம் ஆயிற்று. இரண்டு கணுக்காலிலும் சுளுக்கு.

இந்த வார லாரியில் எழுதி அனுப்பு.

அத்தான்

*

ஜூன் 8

அத்தான்,

டிஃபரன்ஷியல் பெட்டி தனியாக வருகிறது. இந்த உறைக்குள் இன்னோர் உறை இருக்கிறது, ஒட்டியிருக்கிறேன், அக்காவுக்கு. நீங்கள் பிரிக்க மாட்டீர்கள் என்று தெரியும்.

உங்களுக்கு எழுதினது எல்லாம் அதில் இருக்கிறது. மாமாவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அதை அவளே தீர்மானிக்கட்டும் என்று எழுதிவிட்டேன். என்னை மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. வண்டியை ஓட்டச் சொல்லித்தான் எழுதியிருக்கிறேன்.

சின்னவன்

*

ஜூன் 28

மச்சானுக்கு,

அறுவை சிகிச்சை முடிந்தது. அப்பா நன்றாக இருக்கிறார். புது மூட்டு இருபது வருஷம் உழைக்கும் என்று டாக்டர் சொன்னாராம். "எனக்கு எண்பத்தொண்ணு, மிச்சத்தை யாருக்குக் குடுக்க?" என்று கேட்டிருக்கிறார்.

மற்றதைச் சொல்கிறேன். உன் உறை பதினேழாம் தேதி வந்தது. அன்று சாயங்காலம் அவள் கால் கழுவி உள்ளே வந்ததும் கொடுத்தேன். அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றபடியே படித்தாள். முடித்துவிட்டு மறுபடி முதல் பக்கத்திலிருந்து படித்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, நான்தான் அணைத்தேன். அழுவாள் என்று நினைத்தேன், திட்டுவாள் என்று நினைத்தேன். மடித்து உறைக்குள் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இது உங்களுக்கு எப்ப தெரியும்?"

"போன மாசம் பதினேழாம் தேதி. லேத்துக்காரர் வந்தாரே, அதுக்கு மறுநாள் அவனுக்கு எழுதினேன்."

"இன்னைக்கும் பதினேழு."

நான் உனக்கு எழுதின அதே நியாயத்தை அவளிடமும் சொன்னேன். அவன் செய்தது, அவன் வாயால்தான் வர வேண்டும் என்று இருந்தேன், அதுதான் முறை என்று நினைத்தேன் என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அவன் பயந்துக்கிட்டுச் சொல்லல. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான், தட்டை ஒடைச்சா ரெண்டு நாள் கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சிக்குவான். உங்களுக்கு என்ன பயம்? யார் சொல்லணும்ங்கறது உங்களுக்குப் பெரிசாப் போச்சு. நான் தினம் இந்தச் சேத்துல இறங்கி ஏறினதப் பாத்துக்கிட்டே இருந்தீங்க. அன்னைக்கே சொல்லியிருந்தா நான் நடக்கறது நிக்காது, சரி. ஆனா நாந்தான் மாமாவ இப்படிப் படுக்கப் போட்டேன்னு நினைச்சுக்கிட்டு நடந்திருக்க மாட்டேன்ல."

நீ ஒரு நாள் கூடத் தள்ளிப்போட வேண்டாம் என்று எழுதியிருந்தாய். கோழை என்று உன்னை மனதுக்குள் திட்டிக்கொண்டே அந்த வரியைத் தாண்டிப் போனேன். உன் பொய்க்குப் பதினோரு மாதம். அதற்கு மேல் ஒரு மாதம் முழுக்க முழுக்க என்னுடையது.

அடுத்த நாலு நாளில் டிஃபரன்ஷியலை மாற்றினேன். எண்ணெய் ஊற்றினேன். மூடியை முறுக்கும் முன் விரலை விட்டுப் பார்த்துவிட்டு முறுக்கினேன். இருபத்தோராம் தேதி மாலை அவள் தானாகவே கொட்டகைக்கு வந்தாள். ஜாக்கியை வைத்து, பின்னாலும் முன்னாலும் எண்ணிப் பார்த்தாள். இரண்டும் ஒன்றாக வந்தன. அப்புறம் சாவியைக் கேட்டாள்.

மறுநாள் நல்ல மழை. அப்பாவைப் பின் சீட்டில் மெத்தையோடு கிடத்தினோம். நான் முன்னால் அவள் பக்கத்தில். வாசல் கான்கிரீட் முடிந்து களிமண் ஆரம்பிக்கிற இடம் இருக்கிறதே, அங்கே போய் வண்டியை நிறுத்தினாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. லிவர் மேல் கையை வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"போடட்டுமா? இந்தத் தடவ நீங்க சொல்லுங்க. எங்க போடறதுன்னும் நீங்களே சொல்லுங்க. ஏதாவது ஆச்சுன்னா உங்க மேல வரட்டும்."

பெட்டியை மாட்டினது நான். பல்லை எண்ணினது நான். ஒவ்வொரு நட்டையும் முறுக்கினது நான். ஆனாலும் சொல்ல வாய் வரவில்லை மச்சான். கீழே பார்த்தால் பள்ளம், கண்ணாடியில் பார்த்தால் அப்பாவின் தலை. "போடு" என்கிற இரண்டு எழுத்துக்குள் என்ன கனம் இருக்கிறது என்று அங்கேதான் தெரிந்தது. அவள் அவசரப்படவில்லை. நான் சொல்கிற வரைக்கும் இருட்டினாலும் அங்கேயே இருப்பாள் போல இருந்தது.

கடைசியில் பின்னாலிருந்து அப்பாதான், "போடும்மா. இவன் எப்ப வாயத் தொறந்தான். எனக்கு மெத்தை வழுக்குது" என்றார்.

இழுத்தாள். சத்தமே இல்லாமல் விழுந்தது. சரிவு முழுக்க வண்டி ஊர்ந்து இறங்கியது, ஓர் இடத்தில்கூடப் பின்பக்கம் அலையவில்லை. தார் ரோட்டில் சக்கரம் பட்டதும் லிவரைத் திருப்பிவிட்டு ஆஸ்பத்திரி வரைக்கும் ஓட்டினாள். அப்பாவிடம் அவள் அன்றே வார்டில் உட்கார்ந்து உன்னைப் பற்றிச் சொல்லிவிட்டாள். அவர், "எண்ணெய் ஊத்த மறந்துட்டானா" என்று மட்டும் கேட்டாராம்.

சேர்த்துவிட்டு வெளியே வந்ததும் நான் வண்டியில் ஏறப் போனேன். "எனக்கு இன்னைக்கு ஒன்பது பண்ணை பாக்கி இருக்கு. நீங்க பஸ்ல போங்க" என்று கிளம்பிவிட்டாள். பஸ்ஸை விட்டிறங்கி அந்தச் சரிவில் மழையோடு ஏறினேன். கையில் ஆஸ்பத்திரியில் மாற்றின அப்பாவின் துணி இருந்த பை மட்டும்தான். அவள் ஒரு மணி நேரம் என்பாள், எனக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. இரண்டு இடத்தில் விழுந்தேன்.

இப்போது தினமும் வண்டியில் போகிறாள், வருகிறாள். என்னோடு சண்டை இல்லை. சாப்பிட்டீங்களா என்று கேட்கிறாள், அப்பாவுக்கு இன்று காய்ச்சல் இல்லை என்று சொல்கிறாள். வீட்டுக்குத் தேவையானதை எல்லாம் பேசுகிறாள்.

உனக்கு எழுதுவாளா என்று நேற்று முன்தினம் கேட்டேன். "எழுதறேன். அவனுக்கு என்ன எழுதறதுன்னு எனக்குத் தெரியும். முதல்ல உங்ககிட்டப் பேச வேண்டியதப் பேசி முடிக்கிறேன்" என்றாள்.

இன்னும் ஆரம்பிக்கவில்லை. அவள் வண்டிச் சத்தம் கேட்டால் நான் எழுந்து போய்க் கொட்டகைக் கதவைத் திறந்து வைக்கிறேன்.

அத்தான்